ஐப்பசியில் அழுகி, தையில் செத்த செடிகள்: பத்து கிலோ கோகோபீட் மூட்டைக்கு ஒரு மதிப்பீடு

தை பிறந்ததும் பெங்களூரு மாடித் தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். மழை நின்றுவிட்டது, வெயிலும் வந்துவிட்டது, இப்போது போய் ரோஸ்மேரி ஏன் காய்கிறது? ஜெரேனியத்தின் தூர் ஏன் கறுத்தது? மூன்று வருடம் தளதளவென்று இருந்த அடீனியம் ஏன் கையை வைத்தால் பஞ்சாக அமுங்குகிறது? பெரும்பாலோர் குளிரைக் குற்றம் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஊரின் மார்கழிக் குளிர் சாதாரணமாக 15 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அதற்கு ரோஸ்மேரி சாகாது. அது இதைவிடக் கடுங்குளிரைத் தாங்கும் செடி. செத்த தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் ஒரே பொருள்தான் இருக்கும்: நர்சரியில் வாங்கிய 'ரெடி பாட்டிங் மிக்ஸ்', அதாவது கோகோபீட்டும் (தேங்காய் நார்த் துகள்) மண்புழு உரமும் கலந்து தைத்த பத்து கிலோ மூட்டை.

இந்த மதிப்பீடு அந்த மூட்டையைப் பற்றியது. ஒரு கம்பெனியின் சரக்கைத் தனியாக எடுத்துப் பேசவில்லை. லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரம் நர்சரிகளிலிருந்து அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்துச் சின்னக் கடைகள் வரை கிடைக்கும் மூட்டைகள் பெயரில்தான் வேறு. உள்ளே அநேகமாகப் பாதிக்கு மேல் கோகோபீட், மிச்சம் மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு, சிலவற்றில் பெயருக்கு ஒரு பிடி பெர்லைட், அதாவது பொரித்த எரிமலைக் கண்ணாடியின் வெள்ளை மணிகள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். எடை குறைவு, மாடித் தளத்துக்குப் பாரம் இல்லை. களை விதை அதிகம் வராது. பங்குனி, சித்திரை வெயிலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நாற்று விடவும், கீரை, கொத்தமல்லி போடவும் அருமையான சரக்கு. அந்த வேலைகளுக்கு 5-க்கு 4 தாராளமாகக் கொடுக்கலாம். அதே மூட்டையை அப்படியே தொட்டியில் கொட்டி, பல வருடம் வாழ வேண்டிய செடியை நட்டு, ஐப்பசி அடைமழையில் திறந்த மாடியில் விட்டால் ஒன்றரைகூடத் தேறாது. 'ரெடி' என்று அச்சடித்திருப்பதுதான் இதன் பெரிய குறை. இது பாதிக் கலவை. மீதிப் பாதியை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

காரணம் இதுதான். கோகோபீட் தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. கலவையின் இடுக்குகளெல்லாம் நீரால் நிறைந்து அப்படியே ஒரு வாரம் நின்றால் வேர் மூச்சுத் திணறும். திணறிய வேரைத்தான் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற கிருமிகள் பிடிக்கும். அவற்றின் வித்துகள் நீரில் நீந்திப் போகக் கூடியவை. தேங்கிய தொட்டி அவற்றுக்குக் குளம் மாதிரி.

கோடை மழையில் இது நடப்பதில்லை, ஏனென்றால் மழை விட்ட மறுநாளே வெயில் வந்து செடி தண்ணீரை இழுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி அப்படியில்லை. வங்காள விரிகுடாவில் ஒரு புயல் சின்னம் உருவானால் போதும், பெங்களூரில் மூன்று நான்கு நாள் சூரியனே தெரியாமல் தூறல் விழும். 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் புயலின்போதும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போதும் இங்கே அதுதான் நடந்தது. மழையளவு பெரிதாக இருக்காது. ஆனால் வெயில் இல்லை, காற்றில் ஈரம், செடியோ குளிருக்கு வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருக்கும். சித்திரையில் ஒன்றிரண்டு நாளில் காய்கிற பத்து அங்குலத் தொட்டி, அப்போது வாரம் தாண்டியும் ஈரமாகவே நிற்கும்.

வேர் அழுகுவது அப்போது. மேலே தெரிவது இரண்டு மாதம் கழித்து. மிச்சமிருக்கும் கொஞ்ச வேர் மேகமூட்டத்தில் செடியை எப்படியோ தாங்கிவிடும். தை வெயில் அடித்ததும் இலை கேட்கும் தண்ணீரை அந்த வேரால் கொடுக்க முடியாது, செடி துவளும். துவண்டதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். மிச்ச வேரும் போகும். மண் ஈரமாக இருக்கும்போது செடி துவண்டால் அது தாகம் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்தாலே பாதிச் செடிகள் பிழைக்கும்.

தொட்டியில் தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. எட்டு அங்குலத் தொட்டியில் இந்த மூட்டைக் கலவையை நிரப்பி, நன்றாகத் தண்ணீர் விட்டு, அடித் துளையிலிருந்து சொட்டுவது முழுக்க நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு தொட்டியைத் தூக்கி, ஒரு பக்கமாகப் பாதிக்குச் சாய்த்துப் பிடியுங்கள். நின்றுபோன துளையிலிருந்து மறுபடி தண்ணீர் ஒழுகும். அவ்வளவு நேரம் அந்தத் தண்ணீர் தொட்டியின் அடியில் ஒரு அடுக்காக உட்கார்ந்திருந்தது. அந்த அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் பொடித்தன்மை, தொட்டியின் உயரம் அல்ல. அதனால்தான் தாழ்வான, அகலமான தொட்டிகளில் சேதம் அதிகம்: ஆறு அங்குல ஆழத்தில் மூன்று அங்குலம் சேறாக இருந்தால் வேர் எங்கே போகும்?

அடியில் கூழாங்கல் பரப்பினால் வடியும் என்பது பலரும் சொல்லும் யோசனை. அது வேலை செய்யாது. பொடிக் கலவை நீரைத் தனக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கீழே உள்ள பெரிய கல்லுக்கு விடாது. சேற்று அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி நிற்கும், வேருக்கு இருந்த இடமும் குறையும். துளை அடைபடாமல் இருக்க ஓர் ஓட்டாஞ்சில்லை வளைந்த பக்கம் மேலே வருமாறு கவிழ்த்தால் போதும்.

மூட்டை நல்லதா என்று கடையிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். திறந்த மாதிரி இருந்தால் ஒரு பிடி எடுத்து நனைத்து அழுத்துங்கள். பிடித்தால் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிர வேண்டும், புட்டு மாவுப் பதம் மாதிரி. கொழுக்கட்டையாக உருண்டு நின்றால் பொடி அதிகம். நார் நாராகவும் சின்னச் சின்னத் துண்டுகளாகவும் கலந்திருந்தால் நல்லது, காப்பித்தூள் போல ஒரே சீராக இருந்தால் நல்லதல்ல. மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள்: மழை விழுந்த மண் வாசம் வர வேண்டும், சாக்கடை வாடையோ புளித்த வாடையோ கூடாது. எடையைப் பார்த்து விலையை ஒப்பிடாதீர்கள், ஈரக் கோகோபீட்டில் நீங்கள் காசு கொடுப்பது தண்ணீருக்கு. பத்து கிலோ மூட்டை சுமார் 20 லிட்டர் இருக்கும், ஈரம் கூடினால் இன்னும் குறையும். லிட்டர் கணக்கு எழுதியிருக்கும் மூட்டையை நம்பி வாங்கலாம்.

"கோகோபீட் கழுவினதா?" என்று கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். கழுவாத கோகோபீட்டில் சோடியமும் பொட்டாசியமும் உப்பாக நிற்கும், மின்கடத்துத் திறன் மீட்டர் வைத்திருப்பவர்கள் சோதித்தால் 0.5 மில்லிசீமென்ஸுக்குள் இருப்பது நல்லது. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைத்த 'அர்கா' கோகோபீட்டை உருவாக்கியிருக்கிறது. நாற்றுக்கு அதைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். ஆனால் அதுவும் கோகோபீட்தான், அடைமழையில் தொட்டியைத் தானாகக் காப்பாற்றாது.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய உண்மையான சோதனை வேறு. 5 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியின் துளைகளை டேப்பால் ஒட்டுங்கள். லேசாக ஈரமாக்கிய கலவையை நிரப்பி, தரையில் மூன்று முறை தட்டி, விளிம்பு வரை சமப்படுத்துங்கள். மேலே பளபளவென்று நீர் தெரியும்வரை மெதுவாக ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, குறைந்ததை மறுபடி நிரப்புங்கள். இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு பேசின் வைத்து, டேப்பைப் பிரியுங்கள். அரை மணியில் வடிந்த தண்ணீரை அளந்து பாருங்கள். 750 மில்லி வடிந்தால் 15 சதவீதம் காற்றிடம், ரோஜா, செம்பருத்தி, மல்லிகைக்குப் போதும். 1,250 மில்லி என்றால் 25 சதவீதம், ரோஸ்மேரி, லாவெண்டர், அடீனியம், சப்பாத்திக்கள்ளி வகைகளுக்கு அவ்வளவு வேண்டும். 500 மில்லிக்குக் கீழே போனால் அந்தக் கலவையை மழைக்காலத்தில் திறந்த மாடியில் வைக்கவே வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புதிய மூட்டை இந்தச் சோதனையில் தேறினாலும் தேறும். தோற்பது ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆன தொட்டி. கோகோபீட் மக்கி நொறுங்கும், மண்புழு உரத்தின் பொடி கீழே இறங்கி இடுக்குகளை அடைக்கும், கலவை விளிம்பிலிருந்து மூன்று நான்கு விரல்கடை இறங்கியிருக்கும். போன வருட மழையைத் தாங்கிய செடி இந்த வருடம் ஏன் போனது என்பதற்கு அநேகமாக இதுதான் பதில். இறங்கிய இடத்தில் மேலாக உரம் கொட்டி நிரப்புவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

மூட்டையோடு என்ன சேர்ப்பது? பெர்லைட் எளிது, எடையில்லை. ஆனால் பலத்த மழையில் மேலே மிதந்து வந்துவிடும். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது, பையைத் திறக்கும் முன் உள்ளே தண்ணீர் தெளியுங்கள். சிண்டர் என்று விற்கும் எரிந்த கரிக்கட்டி இந்த ஊருக்கு மிகப் பொருத்தமான சரக்கு: நுண்துளை உண்டு, கனம் உண்டு, மிதக்காது, மக்காது. 4 முதல் 8 மில்லிமீட்டர் அளவு கேட்டு வாங்கி, கறுப்புத் தண்ணீர் நிற்கும்வரை கழுவ வேண்டும். கழுவாமல் போட்டால் அதன் சாம்பல் தூளே அடைத்துக்கொள்ளும். எம்-சாண்ட் போடுகிறவர்கள் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். சலிக்காத எம்-சாண்டும் கோகோபீட்டும் சேர்ந்தால் கெட்டிப்பட்டுப் போகும். செம்மண்ணும் அப்படித்தான், நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பெங்களூரின் பழைய தோட்டக்காரச் சமூகமான திகளர் தலைமுறைகளாகச் செம்மண்ணில்தானே வளர்த்தார்கள் என்று கேட்கலாம். அவர்கள் வளர்த்தது தரையில். தரையில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருக்கும். தொட்டிக்கு அந்த வசதி இல்லை.

அளவு சொல்கிறோம். ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலைக்கு: மூட்டைக் கலவை 2 பங்கு, சிண்டர் 1 பங்கு, செம்மண் அரைப் பங்கு, கருக்கிய உமி அரைப் பங்கு. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு மொத்தம் 12 முதல் 15 லிட்டர் தேவைப்படும். ரோஸ்மேரி, லாவெண்டர், ஜெரேனியத்துக்கு: மூட்டைக் கலவை 1, சிண்டர் அல்லது பியூமிஸ் (நுண்துளை எரிமலைக் கல்) 2, கருக்கிய உமி அரை. அடீனியத்துக்கும் கள்ளி வகைகளுக்கும்: மூட்டை 1, சிண்டர் 3. வேப்பம் பிண்ணாக்கு ஏற்கெனவே மூட்டையில் இருப்பதால் மேலும் சேர்க்காதீர்கள். ஈரத்தில் அது மக்கும்போது வேருக்கு உள்ள ஆக்ஸிஜனை அது எடுத்துக்கொள்ளும். கலவை மேல் சின்னக் கறுப்பு ஈக்கள் எழும்பினால் மேல் இரண்டு அங்குலம் காயவே இல்லை என்று அர்த்தம்.

ஆவணியில் தொட்டி மாற்றுவது சரியான நேரம். ஐப்பசிக்குள் புது வேர் பிடித்துவிடும். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு மாற்றினால் அறுபட்ட வேர் ஈரத்தில் அழுகும்.

நர்சரிச் செடியின் மண்கட்டியையும் பாருங்கள். ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து வரும் ரோஜாவும் செம்பருத்தியும் பெரும்பாலும் ஒட்டும் களிமண் உருண்டையோடு வரும். அந்த உருண்டையை அப்படியே கோகோபீட்டுக்குள் வைத்தால் இரண்டும் இரண்டு விதமாக நனையும், காயும். சுற்றிலும் காய்ந்திருக்க, உருண்டைக்குள் மட்டும் சேறாக நிற்கும். ஒரு பக்கெட் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, வெளிப்புறக் களியில் மூன்றில் ஒரு பங்கை விரலால் கரைத்துவிட்டு நடுங்கள். ரோஜாவில் அதற்கு மேல் கரைக்க வேண்டாம், வேர் அறும்.

தொட்டி வைக்கும் விதத்துக்கும் பங்குண்டு. மாடித் தளத்தில் பதிந்து உட்கார்ந்த தொட்டியின் துளை அடைபட்டதற்குச் சமம். மூன்று ஓட்டுத் துண்டுகள் அல்லது இரண்டு செங்கல் மேல் ஏற்றி, கீழே இரண்டு அங்குலம் காற்றோடவிடுங்கள். ஐப்பசி முதல் தேதி தொட்டிகளுக்கு அடியில் உள்ள எல்லாத் தட்டுகளையும் எடுத்துவிடுங்கள். க்ரோ பேக் என்றால் அடியில் மட்டுமின்றி, அடியிலிருந்து ஒரு அங்குல உயரத்தில் பக்கவாட்டிலும் நான்கு துளை போடுங்கள். புயல் செய்தி வந்துவிட்டது, தொட்டி மாற்ற நேரமில்லை என்றால் ஒரு அவசர வழி: விரல் தடிமன் பருத்திக் கயிற்றை நனைத்து, அடித் துளை வழியாக மூன்று அங்குலம் கலவைக்குள் செருகி, மீதி ஆறு அங்குலம் கீழே தொங்கவிடுங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் சேற்றுத் தண்ணீர் கயிறு வழியாக இறங்கிவிடும்.

இப்போது தையில் நிற்கிறோம், செடி துவண்டிருக்கிறது. செடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும், ஒடித்தால் நறுக்கென்று ஒடியும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் உறை போலக் கழன்று கையோடு வரும், உள்ளே மெல்லிய நூல் ஒன்று மிஞ்சும். பாதிக்கு மேல் அப்படி இருந்தாலும் தண்டின் அடியில் நகத்தால் கீறிப் பச்சை தெரிந்தால் முயன்று பார்க்கலாம். அழுகியதையெல்லாம் வெட்டி, ஓடும் தண்ணீரில் கழுவி, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு (தாமிரப் பூஞ்சைக்கொல்லி) கரைத்த நீரில் இருபது நிமிடம் வைத்து, மேலே மூன்றில் ஒரு பங்கு கிளையைக் கழித்து, முன்பிருந்ததைவிடச் சின்னத் தொட்டியில் புதுக் கலவையில் நடுங்கள். மூன்று நான்கு வாரம் நிழல், உரம் கிடையாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துளசி, கறிவேப்பிலை போன்ற தின்னும் செடிகளுக்குத் தாமிர மருந்து வேண்டாம், கெட்ட பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா மட்டும்.

அந்த டிரைக்கோடெர்மாவையும் காப்பரையும் ஒன்றாகப் போடுகிறவர்கள் நிறைய. தாமிரம் நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும், பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள். டிரைக்கோடெர்மாவின் சரியான இடம் மழைக்கு முன்னால்: ஒரு கிலோ மக்கிய தொழு உரத்துக்கு 10 கிராம் கலந்து, லேசான ஈரத்தோடு நிழலில் சாக்கு மூடி பத்து நாள் வைத்து, பிறகு தொட்டிக்கு ஒரு பிடி. பாக்கெட்டில் தயாரித்த தேதி ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் வாங்காதீர்கள், அது உயிருள்ள சரக்கு. அழுகல் முற்றிய செடிக்கு இதை ஊற்றிப் பலன் எதிர்பார்க்க முடியாது.

அடீனியத்துக்கு வைத்தியம் வேறு. கூரான கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, பழுப்பு தெரியாத வெள்ளைச் சதை வரும்வரை வெட்டுங்கள். ஒரு பழுப்புப் புள்ளி விட்டாலும் மறுபடி அழுகும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். வெட்டிய இடத்தில் பூஞ்சைக்கொல்லித் தூளைத் தடவி, நிழலில் பத்து நாள் தலைகீழாகத் தொங்கவிட்டு, காயம் காய்ந்து தோல் கட்டிய பிறகு நடுங்கள். அடுத்த மார்கழியில் அது இலை உதிர்த்தால் பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது தூங்குகிறது. கறிவேப்பிலையும் குளிரில் மஞ்சளாகி இலை கொட்டும். வேர் நன்றாக இருந்தால் மாசிக்குப் பிறகு தளிர் விடும், பிடுங்கிப் போட வேண்டாம். ரோஸ்மேரியிலும் ஜெரேனியத்திலும் தாய்ச்செடி தேறாது என்று தெரிந்தால் நுனியில் இன்னும் விறைப்பாக இருக்கும் நான்கு அங்குலப் போத்துகளை எடுத்து, அடி இலைகளைக் கிள்ளி, வெறும் பெர்லைட்டில் குத்திவையுங்கள்.

செத்த தொட்டியின் கலவையைக் கொட்டிவிடத் தேவையில்லை. வேர்களைப் பொறுக்கி எடுத்து, நான்கு அங்குலத்துக்கு மேல் போகாமல் மாடியில் பரப்பி, ஈரமாக்கி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் ஷீட்டால் ஓரம் அடைபட மூடுங்கள். மாசி, பங்குனி வெயிலில் ஆறு வாரம் கிடக்கட்டும். பிறகு சல்லடையில் சலித்து, கீழே விழும் பொடியைக் கீரைத் தொட்டிக்கும், மேலே நிற்கும் சிண்டரைக் கழுவி ஆவணியில் போடும் புதுக் கலவைக்கும் எடுத்து வையுங்கள்.